வர முடியுமா?

கரையான்சாவடி என்று சொன்னால், நகரத்தின் நடுவே இருப்பவர்களுக்குச் சட்டென்று இடம் புரிவதில்லை. "போரூர் தாண்டி, காட்டுப்பாக்கம் தாண்டி, குமணன்சாவடிக்கு அடுத்தாற்போல், பூந்தமல்லிக்கு முந்தின ஊர்" என்று வழி சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஊரில்தான் நான் குடியிருக்கிறேன். அதன் பெயரில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. சாவடி என்பது என்ன? வழிப்போக்கன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நிற்பதற்காக ஏற்பட்ட கூரை. அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் சாவடி என்றே பெயர் தாங்கி நிற்கின்றன என்றால், இந்தப் பாதையில் நடந்தவர்களுக்குக் கூரையின் அருமை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ட்ரங்க் ரோட்டில் மெட்ரோ ரயிலின் தூண்கள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. பழைய சாவடியின் சுவடு எதுவும் என் கண்ணுக்குத் தட்டுப்பட்டதில்லை. பெயர் மட்டும் இருக்கிறது. பெயருக்கேற்ற குணம் எங்களிடம் இருக்கிறதா என்று ஒரு மழை நாளில் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் கரையைத் தொடாமலே சென்னைக்கு அருகே கடலில் நகர்ந்துகொண்டு, முதல் நாள் இரவிலிருந்து வானத்தைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். காலை எட்டு மணி இருக்கும். நான் மாடி வராந்தாவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த காப்பியைக் குடித்தபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தாளன் அல்லவா? மழையைப் பார்ப்பதே ஒரு வேலை என்று எண்ணிக்கொள்ளும் வர்க்கம்.

தெருமுனையில் ஓர் உருவம் தெரிந்தது. தலையில் சிமெண்டுச் சாக்கைக் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு, கையில் ஒரு கழியை ஊன்றி ஊன்றிப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது. அருகே வந்த பிறகுதான் தெரிந்தது, கீழ்வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா. சென்னீர்குப்பத்திலிருந்து வருகிறவர். பஸ்ஸும் ஆட்டோவும் இல்லாத காலையில், அவ்வளவு தூரமும் தண்ணீரில் நடந்தே வந்திருக்கிறார்.

நான் இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்தேன். "நல்லவேளை, வந்துட்டீங்க ஆயாம்மா!" என்றேன்.

இந்த வாக்கியத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் நல்ல மனத்தோடுதான் சொன்னேன். ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவருடைய இடது காலில் செருப்பில்லை. கட்டைவிரலுக்கு மேலே ஒரு நீளமான கிழிசல். அதிலிருந்து ரத்தம் மழைத் தண்ணீரில் கரைந்து போய்க்கொண்டிருந்தது.

"வழில ஒரு பள்ளம், தெரியல சார். கால் உள்ள போயிருச்சு. கம்பி ஏதாச்சும் கிழிச்சிருக்கும். அத்த உடுங்க. பாப்பா எழுந்துருச்சா?"

கீழ்வீட்டுப் பெண் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவருக்கு வெளியூரில் வேலை. குழந்தைக்கு இரண்டு வயது. அன்று காலை ஆறு மணிக்கு, செல்போனில் உயிர் இருந்த கடைசி நேரத்தில், அந்தப் பெண் ஆயாவைக் கூப்பிட்டிருக்கிறாள். "வர முடியுமா ஆயாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். "வந்தே ஆக வேண்டும்" என்று சொல்லவில்லை. மிரட்டவில்லை. கேட்டாள், ஆயா "வர்றேம்மா" என்றார், வந்தார்.

இதில் குற்றம் யாருடையது? குற்றம் என்று ஒன்று இருக்கிறதா?

பனி பெய்யும் தேசங்களில் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் எழுகிறது. பனிப்புயல் அடிக்கிறது, சாலை கண்ணாடி போல் வழுக்குகிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாதி வேலைக்கு வர வேண்டுமா, வேண்டாமா என்று அங்கே விவாதிக்கிறார்கள். நமக்குப் பனி கிடையாது. நம்முடைய ஆபத்துக் காலம் ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை நீளும் வடகிழக்குப் பருவமழைதான். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் விடப்பட்டதையும் யார் மறக்க முடியும்? மறு வருஷமே, 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்து மரங்களை வேரோடு சாய்த்துத் தெருக்களை அடைத்தது. இந்தப் பகுதிகளில் மழை வெறும் மழையாக இருப்பதில்லை. தண்ணீருக்கடியில் திறந்த வடிகால் இருக்கும். அறுந்த மின்கம்பி இருக்கும். தண்ணீர் புகுந்த மின்சாரப் பெட்டி இருக்கும். 2025 ஆகஸ்டில், மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலையில், கண்ணகி நகரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த துப்புரவுப் பணிப்பெண் ஒருவர், தேங்கியிருந்த நீரில் கால் வைத்ததும் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். அவர் ஒரு சாகசமும் செய்யவில்லை. வேலைக்குப் போனார்; அவ்வளவுதான்.

ஆகையால் ஆபத்து கற்பனையல்ல. மெய்யான ஆபத்து இருக்கும்போது, ஒருவர் மற்றவரை "வர முடியுமா?" என்று கேட்கலாமா என்பதுதான் கேள்வி.

"அவர் இஷ்டப்பட்டுத்தானே வந்தார்?" என்பது முதலில் தோன்றும் சமாதானம். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் "இஷ்டம்" என்ற சொல் அவ்வளவு எளிய சொல் அல்ல. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் இதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் ஒரு புயல்தான். நடுக்கடலில் புயல் அடிக்கிறது. கப்பலைக் காப்பாற்றுவதற்காக மாலுமி சரக்கைத் தூக்கிக் கடலில் எறிகிறான். அவன் இஷ்டப்பட்டு எறிந்தானா, இஷ்டமில்லாமல் எறிந்தானா? அமைதியான கடலில் புத்தியுள்ள எவனும் சரக்கை எறியமாட்டான். ஆனால் அந்த நேரத்தில் கையை நீட்டித் தூக்கியவன் அவன்தான். இப்படிப்பட்ட செயல் இரண்டும் கலந்தது என்று அரிஸ்டாட்டில் கருதினார். செய்த நேரத்தை மட்டும் பார்த்தால் அது விருப்பத்தின் பக்கமே சாய்கிறது என்றும் சொன்னார்.

எங்கள் ஆயாவின் கதையை அந்த மாலுமியின் கதையோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு வித்தியாசங்கள் தெரிந்தன. மாலுமி உயிரைக் காப்பதற்காகச் சரக்கை எறிந்தான். ஆயா சரக்கைக் காப்பதற்காக, அதாவது அன்றைய கூலியையும் வேலையையும் காப்பதற்காக, உயிரைத் தண்ணீரில் இறக்கினார். இது ஒன்று. மற்றொன்று இதைவிட முக்கியமானது. மாலுமியை நெருக்கியது காற்றும் அலையும். ஆயாவை நெருக்கியது மழை மட்டும் அல்ல. மழை பெய்தது இயற்கையின் செயல். வராவிட்டால் சம்பளம் போகும், ஒருவேளை வேலையே போகும் என்ற பயம் நாம் உண்டாக்கி வைத்திருக்கும் ஏற்பாடு. மழையை நம்மால் நிறுத்த முடியாது. இதை நிறுத்த முடியும்.

அந்த ஆயாவுக்கு மாதம் 9,000 ரூபாய் சம்பளம். ஒரு நாள் வராவிட்டால் 300 ரூபாய் குறையும். இது எழுதி வைத்த ஒப்பந்தம் அல்ல. இருந்தாலும் இரு தரப்புக்கும் தெரியும். இந்த 300 ரூபாய் பின்னால் நிற்கும்போது, "வர முடியுமா?" என்பது கேள்வியாக இருக்க முடியுமா? கேள்வி என்றால் "ஆம்" என்றும் சொல்லலாம், "இல்லை" என்றும் சொல்லலாம். "இல்லை" என்று சொன்னால் நஷ்டம் ஒருவருக்கு மட்டுமே என்றால், அது குரலைத் தாழ்த்திக்கொண்டு இடும் கட்டளை. அதிகாரம் பல வீடுகளில் இப்படித்தான் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

"அப்படியானால் அவருக்குக் குழந்தையின் மேல் இருக்கும் பாசம் ஒன்றுமில்லையா? எல்லாம் 300 ரூபாய்தானா?" என்று சிலர் கோபித்துக்கொள்ளக் கூடும். கோபம் நியாயம்தான். கால் கிழிந்து ரத்தம் வழியும்போது "பாப்பா எழுந்துருச்சா?" என்று கேட்டவரின் பாசத்தை நான் எப்படிச் சந்தேகிப்பேன்? ஆயா என்பது போர்த்துக்கீசியர் மூலம் வந்த சொல் என்கிறார்கள். ஆனால் எங்கள் வடபுலத்தில் பாட்டியையும் ஆயா என்றுதான் அழைக்கிறோம். அந்தக் குழந்தைக்கு இரண்டு அர்த்தமும் ஒன்றே.

ஆனால் பாசத்தைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரர் ஆட்சியில், இங்கிருந்து கப்பலேறும் குடும்பங்கள் கடற்பயணத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களைக் கூட்டிச் சென்றார்கள். வாரக்கணக்கில் கடல். அலையிலும் காய்ச்சலிலும் குழந்தையை மடியைவிட்டு இறக்காமல் காத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் சிலரை, லண்டன் சேர்ந்த பிறகு, திரும்பிவரக் கப்பல் கூலிகூடக் கொடுக்காமல் கைவிட்டுவிட்டார்கள். அப்படித் திகைத்து நின்ற பெண்களுக்காக லண்டனில் ஆயாக்கள் விடுதி என்றே ஒன்று நடந்தது. 1900-ஆம் ஆண்டில் அது ஹாக்னி பகுதியில் கிங் எட்வர்ட்ஸ் சாலையிலுள்ள 26-ஆம் எண் வீட்டுக்கு வந்தது. அந்த வீட்டில் 2022-இல் ஒரு நீல நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். அந்த எஜமானிகள் எல்லாரும் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. "எங்கள் ஆயாவுக்குக் குழந்தை என்றால் உயிர்" என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியும் இருப்பார்கள். பாசத்தைப் பாராட்டினார்கள், திரும்பும் கூலியை மறந்தார்கள். ஒருவருடைய அன்பு அவருக்குச் சேர வேண்டிய பாதுகாப்பைக் குறைப்பதற்கு ஒரு காரணமாகிவிடக் கூடாது. அன்பு இருப்பதால்தான் அவர் ஆபத்தைக் கணக்கிடாமல் இறங்குகிறார். அவருக்காகக் கணக்கிட வேண்டிய பொறுப்பு, அந்த அன்பினால் பயனடைகிறவர்களுக்கு அதிகமாகிறது.

இனி, கீழ்வீட்டுப் பெண்ணின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவளை எஜமானி என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை. அவளும் சம்பளத்துக்கு உழைக்கிறவள்தான். டிசம்பர் 4-ஆம் தேதி சென்னை, திருவள்ளூர், காஞ்சீபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு அரசாங்கம் பொது விடுமுறை விட்டது. தனியார் கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லலாம் என்று கேட்டுக்கொண்டது. போலீஸ், தீயணைப்பு, பால், குடிநீர், மின்சாரம், ஆஸ்பத்திரி போன்ற அத்தியாவசியப் பணிகளுக்கு மட்டும் விடுமுறை இல்லை. அதில் தவறில்லை, புயல் வருகிறதென்று நோயாளியின் மூச்சு காத்திருக்குமா? ஆகவே அந்தப் பெண் போகத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து உயரமான ஒரு வண்டி வந்து ட்ரங்க் ரோட்டில் அவளை ஏற்றிக்கொண்டது.

இங்கேதான் என் சிந்தனை தடைப்பட்டு நின்றது. விடுமுறைப் பட்டியலில் ஆயா இல்லை. வீட்டு வேலைக்கு யார் விடுமுறை விடுவது? அத்தியாவசியப் பட்டியலிலும் ஆயா இல்லை. ஆனால் அவர் வராவிட்டால் நர்ஸ் போக முடியாது. நர்ஸ் போகாவிட்டால் நோயாளிக்கு மருந்து இல்லை. அப்படியானால் நர்ஸைவிட ஆயா எந்த விதத்தில் அத்தியாவசியம் குறைந்தவர்? நர்ஸுக்கு வண்டி வந்தது. ஆயாவுக்குக் கழி ஒன்றுதான் வந்தது. ஒருவர் அத்தியாவசியம் என்றால் அவருக்கு வண்டி வேண்டும், தங்க இடம் வேண்டும், அடிபட்டால் வைத்தியம் வேண்டும். அத்தியாவசியம் இல்லையென்றால் அவர் வீட்டிலிருக்கட்டும், சம்பளத்தோடு. இரண்டில் ஒன்றுதான் நியாயம். நாம் செய்வதோ மூன்றாவது: தேவைப்படும்போது அத்தியாவசியம், செலவு என்று வரும்போது சாதாரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 2010-இல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால், வேலையோடு அதற்குத் தொடர்பு இருக்கும் பட்சத்தில், வேலையில் நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. மிகப் பெரிய தர்மத்தை ஒரு சின்னப் பிரிவில் அடக்கிவிட்டார்கள். வழியும் வேலையின் ஒரு பகுதிதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள் அல்லவா? ஆனால் அது தொழிற்சாலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் ஏற்பட்ட சட்டம். ஒரு குழந்தையும் ஒரு தொட்டிலும் இருக்கும் வீடு நிறுவனம் ஆகாது. தமிழ்நாட்டில் 2007-இல் வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் ஏற்பட்டது. பின்னர் குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயம் செய்தார்கள். 2011-இல் ஜெனிவாவில், வீட்டுப் பணியாளர்களும் மற்றத் தொழிலாளரைப் போன்றவர்களே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை செய்தபோது, இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் பத்து வருஷத்துக்கு மேலாகியும் அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. சட்டம் வாசற்படி வரை வந்து நிற்கிறது. உள்ளே வர வேண்டியது நம்முடைய மனச்சாட்சி.

அன்று மாலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மழை விடவில்லை, தெருவில் தண்ணீர் இன்னும் ஏறியது. ஆயாவால் திரும்பிப் போக முடியவில்லை. நர்ஸாலும் வர முடியவில்லை. ஆயா கீழ்வீட்டுக் கூடத்திலேயே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். குழந்தை தூங்கிவிட்டது, தட்டுவது மட்டும் நிற்கவில்லை. கால் கட்டைப் பார்க்கலாம் என்று போன நான், "உங்க வீட்டுல யார் இருக்காங்க ஆயாம்மா?" என்று கேட்டேன். மூன்று வருஷமாகத் தெரிந்தவரை அன்றுதான் முதல் தடவையாக அப்படிக் கேட்கிறேன்.

"பேரன் சார். எட்டு வயசு. மக ராத்திரி ஷிப்டுக்குப் போனவ கம்பெனிலயே மாட்டிக்கிட்டா. வீட்டுக்குள்ள தண்ணி பூந்துருச்சு. பக்கத்து மாடி வீட்டுல உட்டுட்டு வந்தேன். காலைல இருந்து போன் போவல."

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? ஒரு குழந்தை பாதுகாப்பாக இருப்பதற்காக இன்னொரு குழந்தை அயல்வீட்டில் விடப்பட்டிருக்கிறது. ஒரு தாய் நோயாளிகளைப் பார்க்கப் போக, அவள் குழந்தையை ஒருவர் பார்க்க வர, அவர் பேரனை வேறொருவர் பார்த்துக்கொள்ள, இந்தச் சங்கிலியின் கடைசி வளையம் எப்போதும் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். கூவம் கரையில் இருந்தவர்களில் பலர் எங்கள் பக்கத்துக் கூடப்பாக்கத்துக்கு வந்தார்கள். நகரத்து வீடுகளில் வேலை செய்து வந்த பெண்களுக்கு வேலை இருந்த இடத்திலேயே இருந்தது. வீடு மட்டும் தூரமாகப் போயிற்று. வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்களுக்கே, அடுத்த மழையில் நடக்க வேண்டிய தூரம் அதிகம்.

அன்றிரவு மாடிக்கு ஏறி வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. கீழ்வீட்டுப் பெண், ஆஸ்பத்திரி, அரசாங்கம், சட்டம் என்று ஒவ்வொருவராகக் குற்றக் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவுக்கு மேல் திடீரென்று ஒரு விஷயம் உறைத்தது. அன்று காலை எட்டு மணிக்கு, கை கால் சுகமாக, எந்த வேலையும் இல்லாமல், அதே கட்டிடத்தில், பதினெட்டுப் படிகளுக்கு மேலே ஒருவன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அந்தக் குழந்தைக்கு அவனை நன்றாகத் தெரியும். அவன் கீழே இறங்கி வந்து, "இன்றைக்குக் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆயாம்மாவை வர வேண்டாமென்று சொல்லிவிடு அம்மா" என்று சொல்லியிருந்தால் யாருடைய காலும் கிழிந்திருக்காது. அந்தப் பெண்ணும் என்னைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது. ஒரு மைல் தூரத்தில், வெள்ளத்துக்கு அப்பால் இருக்கும் ஏழைப் பெண்ணை "வர முடியுமா?" என்று கேட்பது சுலபம், மாடியிலிருக்கும் மனிதனை "இறங்க முடியுமா?" என்று கேட்பது கடினம். ஏன்? ஆயாவின் சிரமத்துக்கு விலை கொடுத்தாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். என் சௌகரியத்துக்கு யாரும் விலை வைப்பதில்லை. வைக்காததாலேயே அது விலைமதிப்பற்றதாகிவிடுகிறது!

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். ஆபத்தான நாளில் ஆயா வரலாமா, கூடாதா என்று காலை ஆறு மணிக்கு, மழை கொட்டும்போது யோசிப்பதே தாமதம். அப்போது யார் யோசித்தாலும் தவறான பதில்தான் கிடைக்கும். தாய்க்கு ஆஸ்பத்திரிப் பயம்; ஆயாவுக்குச் சம்பளப் பயம். பயந்த இருவர் பேசிக்கொள்ளும் பேச்சில் தர்மம் எங்கிருந்து வரும்? புரட்டாசி மாதத்தில், வெயில் காயும்போது, மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிட வேண்டும். முதலாவது, புயல் மழை நாளில் வராவிட்டால் சம்பளம் குறையாது. இரண்டாவது, ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பவர் நடந்து வரவேண்டியவர்தான். வீட்டுக்குள் நின்று ஜன்னல் வழியே பார்க்கிறவர் அல்ல. மூன்றாவது, அன்று குழந்தையை யார் பார்ப்பது என்று அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே, அந்தத் தெருவுக்குள்ளேயே முன்கூட்டி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வேறு வழியே இல்லை, ஆயா வந்துதான் தீர வேண்டும் என்றால், முதல்நாள் மாலையே வண்டி அனுப்பி அழைத்து வர வேண்டும். அவருடைய வீட்டுக் குழந்தையையும் சேர்த்து.

"சம்பளம் குறையாது என்றால் தூறல் போட்டால்கூட வரமாட்டார்களே!" என்று கேட்கிறார்கள். ஆபீஸ் உத்தியோகஸ்தர்களுக்கு வருஷத்துக்கு இத்தனை நாள் விடுப்பு என்று கொடுத்திருக்கிறோமே, அவர்கள் ஏமாற்றுவார்கள் என்று யாராவது அதை ரத்து செய்தார்களா? தலைவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சினிமாவுக்குப் போகிறவன் மேல் இல்லாத சந்தேகம், தண்ணீரில் நடந்து வருகிறவர் மேல் எப்படி வருகிறது? கணக்குத்தான் பார்க்க வேண்டுமென்றால் பார்த்துவிடலாம். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட மோசமான நாட்கள் வருஷத்துக்கு மூன்றோ நான்கோதான். நான்கு நாளைக்கு 1,200 ரூபாய். தினம் ஒரு லிட்டர் பால் வாங்கும் வீட்டில் அது ஒரு மாதப் பால் கணக்குக்குக்கூடக் காணாது. ஒரு மனுஷி "இல்லை" என்று தைரியமாகச் சொல்வதற்கு அதுதான் விலை என்றால், அதைவிட மலிவான சரக்கு கடைவீதியில் கிடைக்காது.

"வர வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டால்?" என்றும் கேட்கலாம். ஆசைப்பட்டு வரட்டும். சம்பளம் போகாது என்று தெரிந்த பிறகும், குழந்தையை நினைத்து ஒருவர் புறப்பட்டு வந்தாரானால், அது அவருடைய அன்பு. நாம் எழுந்து நின்று வரவேற்க வேண்டிய அன்பு. அந்த உறுதிமொழி இல்லாதவரை, வந்தது அன்பா, பயமா என்று வந்தவருக்கே தெரியாது. ஒருவருடைய அன்பு அன்பாகவே இருக்க விடுவதும் நம் கடமை அல்லவா?

ஆயாவுக்கு அந்தக் காயத்தால் காய்ச்சல் கண்டு நான்கு நாள் வரவில்லை. மாதக் கடைசியில் 1,200 ரூபாய் குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனார். கீழ்வீட்டுப் பெண் கெட்டவள் அல்ல. யாருமே யோசிக்காமல் செய்யும் வழக்கத்தை அவளும் யோசிக்காமல் செய்தாள். நான் இறங்கிப் போய் என் மனத்தில் இருந்ததைச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு லீவு சொன்னா ஆஸ்பத்திரியில் சம்பளம் பிடிப்பாங்க மாமா. அதையே நான் இவங்ககிட்ட செஞ்சிருக்கேன்" என்றாள். மறுநாளே அந்தப் பணம் ஆயாவின் கைக்குப் போயிற்று.

அடுத்த வருஷம், 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தது. அது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மாலையே கீழே பேச்சுக் குரல் கேட்டது. "நாளைக்கு வராதீங்க ஆயாம்மா. சம்பளத்துக்கு ஒண்ணும் இல்ல. மேல மாமா இருக்காங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் பதினெட்டுப் படிகளையும் இறங்கிப் போனேன். அதற்குப் பிறகு நடந்ததை விவரமாக எழுதினால் என் கௌரவத்துக்கு இழுக்கு. ஒரு குழந்தைக்கு ஒரு கிண்ணம் பருப்புச் சோறு ஊட்டுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இரவு அந்தப் பெண் வந்து கதவைத் தட்டியபோது, குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்தால் விழித்துவிடுமென்று நின்றுகொண்டே இருந்தேன். இந்த வேலைக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய் என்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அப்போது என் இடுப்பே எனக்கு எடுத்துச் சொல்லிற்று.

திங்கட்கிழமை காலை ஆயாம்மா வந்தார். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. பேரனுக்குக் காய்ச்சல் இல்லை, வீட்டுக்குள் இந்தத் தடவை தண்ணீர் வரவில்லை என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பாப்பா ஒழுங்கா சாப்பிட்டுச்சா சார்?"

"சாப்பிட்டது ஆயாம்மா. நான்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை" என்றேன்.